மேசை நடுவே அறுபத்தொரு சீட்டு

சீட்டுப் போட்டியின் ஐந்தாம் சுற்று, அதாவது கடைசிச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குத் தொடங்க வேண்டியது. பல் மருத்துவமனைக்கு மேலே இருந்த மாடி அறையில் அப்போது இருந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். சன்னலோரம் முதல் மேசையில், சுவரில் முதுகு சாய்த்தபடி லிப்ட் மெக்கானிக். அவனுக்கு எதிரே டியூஷன் டீச்சர். மின்விசிறிக்கு நேர் கீழே இரண்டாம் மேசையில் பேக்கரிக்காரரும் பூக்கடைக்காரரும். மூன்றாம் மேசையில் கல்லூரியில் படிக்கும் இரட்டைச் சகோதரிகள். ஒருவரோடு ஒருவர் மோதும்படி ஆகிவிடக்கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தும் கடைசியில் அப்படியே மாட்டிக்கொண்டவர்கள். நான்காம் மேசையில் ஒரு பஸ் டிரைவரும் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும். கதவை ஒட்டி ஒரு ஸ்டூலில் போட்டியை நடத்துகிற சீட்டுக் கடைக்காரர். உட்காராத ஒரே ஆள் நடுவர். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். காலையிலிருந்து அதில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

நடுவருக்கு மற்ற ஆறு நாளும் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று மாத்திரைகளைப் பத்துப் பத்தாக எண்ணி உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுப்பவள். எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு இந்த விளையாட்டின் நடுவர் வேலை பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை. ஏனென்றால் வீரர்களும் மிருகங்களும் அச்சிட்ட சீட்டுகளை மோதவிடுகிற இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் தங்களிடம் உள்ள நூற்றுக்கணக்கான சீட்டுகளிலிருந்து சரியாக அறுபதைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டாகச் சேர்த்து, அதன் பட்டியலைக் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் நாள் முழுக்க அதே அறுபதுதான். அறுபத்தொன்றும் தப்பு, ஐம்பத்தொன்பதும் தப்பு.

லிப்ட் மெக்கானிக் அவளுடைய தம்பி. ஏழு வயது இளையவன். அறையில் எல்லாரும் அவனை லிப்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஜெயித்தால் லிப்ட்டு மேலே போகுது, தோற்றால் லிப்ட்டு கீழே வருது. இந்த ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டு பூக்கடைக்காரர் இரண்டு வருடமாகப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவியைப் பிரிந்து, ஒரு சூட்கேஸோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவன் அவன். முதல் எட்டு மாதம் அவன் வாயிலிருந்து வந்த சொற்களை ஒரு தபால்தலையின் பின்பக்கம் எழுதிவிடலாம். சரி. வேண்டாம். சாப்பிட்டேன். ஒருநாள் சீட்டுக் கடை இருந்த கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றுபோக, இவன் போய் இரண்டு மணி நேரத்தில் சரி செய்தான். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் வெளியே வந்த சந்தோஷத்தில் ஒரு சீட்டுப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தார். அன்று சாயங்காலம் அவன் அக்காவிடம் அந்தச் சீட்டுகளைக் காட்டி, எது எதை வெல்லும் என்று இருபது நிமிடம் பேசினான். அவளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் நடுவில் குறுக்கிட்டால் நின்றுவிடுமோ என்ற பயத்தில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கண்டுகொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குத் துணையாகப் போக ஆரம்பித்தவள்தான், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் படிக்கிற பழக்கத்தில் விதிப் புத்தகத்தையும் வரி விடாமல் படித்து, பரீட்சை எழுதி, நடுவர் பேட்ஜ் வாங்கிக்கொண்டாள்.

அன்று காலையில் அவள் கடைக்காரரிடம் சொல்லியும் பார்த்தாள்.

"என் தம்பி ஆடுறான். நான் மட்டும் ஜட்ஜா இருக்கறது சரியில்ல. இன்னொரு ஆளக் கூப்பிடுங்க."

"எட்டுப் பேருக்கு ரெண்டு ஜட்ஜா? ஏம்மா, இதென்ன ஹைகோர்ட்டா?" என்று கடைக்காரர் கையை விரித்தார்.

பூக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். தம்பி ஜெயிக்கலன்னா வீட்டுல சோறு கட். அவ்வளவுதானே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவள் செருப்பில் ஏறிக்கொண்ட கல் மாதிரி நாள் முழுக்கக் கூடவே வந்தது. மற்ற மேசைகளில் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பவள், தம்பியின் மேசையை மட்டும் பஸ் நிற்காத நிறுத்தம் போலக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

நான்காம் சுற்றில் தம்பிக்கும் பேக்கரிக்காரருக்கும் ஆட்டம். தம்பியிடம் எதிராளியின் வீரனைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற ஒரு சீட்டு உண்டு. அதைப் போட்டுப் பேக்கரிக்காரரின் கரடி ஒன்றைப் பிடித்து, அந்தக் கரடியை வைத்தே அவரை முடித்தான். பேக்கரிக்காரர் "என் கரடியே என்னக் கடிச்சிருச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கைகுலுக்கினார்கள். அவரவர் சீட்டை அவரவர் அள்ளிக்கொண்டார்கள். ஊரில் சீட்டு விற்கிற கடை ஒன்றே ஒன்று. அங்கே கிடைக்கிற பிளாஸ்டிக் உறையும் ஒரே கறுப்பு. முகத்தைக் கவிழ்த்துவிட்டால் யாருடைய சீட்டு என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

இப்போது ஐந்தாம் சுற்று. இந்த ஊரிலிருந்து இரண்டு பேர் வருடாந்திரப் பெரும்போட்டிக்குப் போகலாம். தம்பி ஜெயித்தால் முதலிடம், தோற்றாலும் இரண்டாமிடம். எப்படியும் போகலாம் என்று அவனும் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

ஆட்டம் தொடங்கும் முன் கட்டை ஆறு குவியலாகப் பிரித்துப் போட்டு எண்ணிக் கலைப்பது அவன் வழக்கம். எண்ணினான். குவியலுக்குப் பத்து வந்தது. கையில் ஒரு சீட்டு மிச்சம் நின்றது.

அவன் கையை உயர்த்தினான். டீச்சர் தன்னுடைய சீட்டுகளை அடுக்குவதில் குனிந்திருந்தாள். நடுவர் மூன்றாம் மேசையில், ஒரு சீட்டில் எழுதியிருந்ததற்கு என்ன அர்த்தம் என்று இரட்டையர் இருவரும் ஒரே குரலில் சண்டை போட்டதைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கை உயர்ந்ததை அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். உள்ளங்கையைக் காட்டி, இரு என்று சைகை செய்துவிட்டு மறுபடியும் இரட்டையர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் கையை இறக்கினான். குவியல்களை ஒன்றாக்கி, கட்டைத் தன்னிடமிருந்து தள்ளி மேசையின் நடுவில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டான். அது அவன் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். மின்தூக்கியில் கோளாறு என்று தெரிந்தால் முதல் வேலை கையை எடுப்பது. எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் விட்டுவிட்டு, பார்க்க வேண்டியவர் வந்து பார்க்கும்வரை தொடாமல் நிற்பது. ஆனால் சீட்டு மேசையில் கட்டை நடுவில் வைத்தால் அதற்கு வேறு பொருள். நான் தயார், நீங்கள் கலைத்துக்கொள்ளலாம் என்று எதிராளிக்குக் கொடுப்பது அது.

டீச்சர் நிமிர்ந்தாள். கட்டு நடுவில் இருந்தது. எடுத்தாள். அவளும் எண்ணிக் கலைக்கிறவள்தான். நாற்பது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் தினமும் எண்ணி வாங்குகிற விரல்கள். தம்பி வாயைத் திறப்பதற்குள் பாதி எண்ணியாகிவிட்டது.

"அறுபத்தொண்ணு!" என்றாள் டீச்சர். "ஜட்ஜ்!"

நடுவர் அரை நிமிடத்தில் வந்து நின்றாள். கட்டைப் புரட்டினாள். பட்டியலில் இல்லாத ஒரு கரடி நடுவில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"டெக்க நீ நடுவுல வெச்சியா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். "வெச்சேன்."

"எதிராளி கண்டுபிடிச்சதா?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பூக்கடைக்காரர் கழுத்தை நீட்டினார். கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். இரட்டையர் சண்டையை மறந்தார்கள். 

விதி தெளிவானது. ஆட்டக்காரர் தானே கண்டுபிடித்து நடுவரைக் கூப்பிட்டால், தப்பான சீட்டை எடுத்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு ஆட்டம் தொடரலாம். கட்டை எதிராளியிடம் கொடுத்த பிறகு எதிராளி கண்டுபிடித்தால் சுற்றின் மூன்று ஆட்டங்களில் ஓர் ஆட்டம் தோல்வி. உறுப்பினர் அட்டையில் ஒரு சிவப்புக் குறி. வருடத்தில் இரண்டாவது சிவப்புக் குறி விழுந்தால் ஆறு மாதம் எந்தப் போட்டியிலும், பெரும்போட்டியிலும்கூட, உட்கார முடியாது. தம்பியின் அட்டையில் பட்டியலைத் தப்பாக எழுதியதற்காக அந்த வருடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"முதல் ஆட்டம் டீச்சருக்கு" என்றாள். மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள். "சிவப்புக் குறி."

"சரி" என்றான் தம்பி.

இரண்டாம் ஆட்டத்தை அவன் ஜெயித்தான். மூன்றாவதை ஒரு புள்ளியில் தோற்றான். எழுந்து நின்று டீச்சருக்குக் கைகொடுத்தான். "நல்லா ஆடுனீங்க. அந்த நாலாவது டர்ன்ல நீங்க காத்திருந்தீங்க பாருங்க, அங்கதான் போச்சு" என்று முழு வாக்கியமாகவே சொன்னான். பூக்கடைக்காரருக்குக்கூட அன்று லிப்ட் ஜோக் வரவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. கரடி என்ற சொல் காதில் விழுந்ததும் பேக்கரிக்காரர் தன் கட்டை எண்ணிப் பார்த்து, ஐம்பத்தொன்பது என்று தெரிந்து, மாவு பிசைகிற தடித்த கையை உயர்த்தியபடி நான்கு மேசையும் அதிர ஓடிவந்தார்.

"மேடம், என் கரடி மேடம்! என்கிட்ட ஒண்ணு குறையுது. நானே சொல்லிட்டேன், பாத்துக்குங்க. அடிச்சிராதீங்க!"

அவருக்கு எச்சரிக்கை. கரடி வீடு திரும்பியது.

ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகு, அவள் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். தண்டனை எதுவானாலும் ஏழு நாளுக்குள் தலைமைச் சங்கத்தின் விதிமுறைக் குழுவுக்குக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தம்பி வெளியே படியில் உட்கார்ந்து காத்திருந்தான். பேக்கரிக்காரர் வரியை முதலில் எழுதினாள். "கண்டறிந்தவர்" என்ற கட்டத்தில் "தாமே முன்வந்து கூறினார்" என்று எழுதினாள். அடுத்த வரி தம்பியுடையது. "கண்டறிந்தவர்" என்ற கட்டத்தில் "எதிராளி" என்று எழுத "எ" போட்டாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவருக்கு எச்சரிக்கை. கையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்குச் சிவப்புக் குறி. அந்தக் கையைப் பார்த்தது அவள் ஒருத்திதான். பூக்கடைக்காரர் கை தூக்கியிருந்தால் அவள் போயிருப்பாள். டீச்சர் கூப்பிட்டதும் போனாளே. தம்பிதானே, காத்திருப்பான். சொந்தக்காரனைக் காக்க வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற ஒரு கணக்கு, அந்த ஒரு நொடியில், அவள் அறியாமலேயே அவள் உள்ளங்கைக்குள் ஓடிவிட்டிருந்தது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பி வேலைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது, அவள் மேசையில் வெள்ளைத் தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு தாள் கசங்கித் தரையில் கிடந்தன.

"என்னக்கா, வேலைக்குப் போகலியா?"

"ஒன்பதுக்குத்தான். உக்காரு. டீ ஆறுது." பேனாவை வைத்தாள். "நேத்து நீ ஏன்டா வாயத் தொறக்கல?"

"எப்ப?"

"எப்பவா? நான் கேட்டப்ப. கை தூக்கினேன்னு ஒரு வார்த்த சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். "நீதான் பாத்தியே. அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்? நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

அவள் குழாய் சொட்டுவதைப் போய் இறுக்கி மூடிவிட்டு வந்தாள். அது நன்றாகத்தான் மூடியிருந்தது.

"நான் சொல்லல" என்றாள்.

"ம்."

"எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. நான் உன் பக்கம் பேசினேன்னு ஆயிடுமோன்னு பயந்துட்டேன். பயத்துல உனக்கே போட்டுட்டேன்."

"விடுக்கா. ஆறு மாசம்தானே."

"ஆறு மாசம் நீ ஞாயித்துக்கிழமைல வீட்டுல உக்காந்து, சரி, வேண்டாம், சாப்பிட்டேன்னு ஆரம்பிச்சா, என் மண்டையத்தான் பிச்சுக்கணும். எனக்கு இருக்கறதே கொஞ்சம் முடி."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் தாளைக் கண்ணால் காட்டினான். "என்ன எழுதற?"

"படி."

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவள் எழுத்து பள்ளிக்கூடத்தில் போட்ட கோட்டுக்குள் நிற்கிற எழுத்து. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"ஐயா, முதல் மேசை ஆட்டக்காரர் தமது கட்டில் ஒரு சீட்டு கூடுதலாக இருப்பதைத் தாமே கண்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே கை உயர்த்தினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், காத்திருக்கும்படி சைகை செய்துவிட்டு வேறு மேசையைக் கவனித்தேன். நான் உடனே சென்றிருந்தால், அல்லது அவர் கட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தால், எதிராளி அதை எடுத்திருக்க மாட்டார். எதிராளி மீது எந்தப் பிழையும் இல்லை. அவருடைய வெற்றி அப்படியே நிற்கட்டும். ஆனால் சிவப்புக் குறி தவறு. அதை எச்சரிக்கையாக மாற்றும்படி வேண்டுகிறேன். இந்த ஆட்டக்காரர் என் உடன்பிறந்த தம்பி. அவர் கை உயர்த்தியதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. தம்பி ஆடும் போட்டியில் நான் மட்டும் நடுவராக நின்றதும் என் தவறே. அதற்குரிய நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறேன்."

அவன் இரண்டு முறை படித்தான்.

"தம்பின்னு எழுதிட்டியே."

"தம்பிதானே?"

"அந்த வரியப் பாத்ததும் குப்பையில போடுவாங்க. அக்கா தம்பிக்கு சிபாரிசுன்னு. அத மட்டும் எடுத்துட்டு அனுப்பு."

"போட்டா போடட்டும். தெரிஞ்சே போடட்டும்."

"உன் பேட்ஜ் போயிடும்கா. ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சு வாங்கினது."

"போனா என்ன? மாத்திர எண்ணறதுக்கு பேட்ஜ் கேக்க மாட்டாங்க. பேட்ஜ் இல்லன்னா ஒண்ணு வசதி. உன் மேசைப் பக்கத்துல நின்னு பாக்கலாம். நேத்து நீ ஆடினதுல ஒரு ஆட்டம்கூட நான் பாக்கல, தெரியுமா?"

"நாலாவது ரவுண்ட் பாத்திருக்கணும் நீ" என்றான் அவன். வேலைப்பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். "பேக்கரிக்காரர்கிட்ட மூணு கரடி இருந்துச்சு. எனக்கு உயிர் ரெண்டுதான் மிச்சம். கையில ஒரே ஒரு கார்டு. என்ன கார்டுன்னு சொல்லு பாப்போம்?"

"பிடிக்கிற கார்டு."

"அதான் இல்ல! அது அடுத்த டர்ன்லதான் வருது. கேளேன்..."

அவள் கேட்டாள். அவன் டீ கிளாஸைப் பேக்கரிக்காரராகவும் சர்க்கரை டப்பாவைக் கரடியாகவும் நகர்த்தி நகர்த்தி ஏழு மணி நாற்பது வரைக்கும் சொன்னான். அவனுடைய மேற்பார்வையாளர் இரண்டு முறை போனில் அழைத்தார். அவன் எடுக்கவில்லை.

பிறகு அவள் கையெழுத்திட்டாள். அறிக்கைத் தாளில் அந்த ஒற்றை "எ"வை அடித்துவிட்டு, அதே கட்டத்துக்குள் "தாமே" என்று எழுதி, பக்கத்தில் சிறுகையெழுத்தும் போட்டாள். கூட வைக்க வேண்டிய, தம்பி, பேக்கரிக்காரர் இருவரின் சீட்டுப் பட்டியல் நகல்களை எண்ணினாள். நான்கு தாள். மறுபடி எண்ணினாள். நான்குதான்.

"குடு, கவர நான் ஒட்டறேன்" என்று தம்பி கை நீட்டினான்.

"எட்டப் போ. கை பூரா கிரீஸ். சங்கத்துக்காரங்க கவரப் பாத்துட்டு சைக்கிள் கடையிலேர்ந்து வந்திருக்குன்னு நெனைப்பாங்க."

எட்டரைக்கு அஞ்சலகம் திறக்கும்போது இருவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர், மணியார்டர் தாளில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் அவள் உறையைக் கம்பிக்குள் நீட்டினாள்.

"சாதாவா, பதிவா?" என்றார் எழுத்தர்.

"பதிவு. ஒப்புகை அட்டையோட."

அவர் உறையைத் தராசில் போட்டார். ஓரத்தில் பசை பிடிக்காமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளிடமே திருப்பித் தள்ளினார். அவள் பசைக் குப்பியிலிருந்து ஒரு துளி தொட்டு, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி, மனத்துக்குள் பத்து எண்ணி, மறுபடி கொடுத்தாள். எழுத்தர் எண் அச்சிட்ட துண்டை ஒட்டி, முத்திரையை இரண்டு தரம் ஓங்கிக் குத்தி, முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்பக்கத்துச் சாக்குப் பைக்குள் எறிந்தார்.